உங்களுக்குத் தெரியுமா? காய்ந்த பூவும் சாட்சி சொல்லும்

மகாராஷ்டிரத்தின் கல்யாண் நகரிலிருந்து மால்ஷேஜ் மலைப்பாதை வழியே போனால் ஜுன்னர் வரும். சிவாஜி பிறந்த சிவ்நேரி கோட்டை நிற்கும் அந்தக் குன்றின் பாறை இடுக்குகளில் ‘ஃப்ரெரியா இண்டிகா’ வளர்கிறது. தண்டில் நீரைச் சேமித்து, கோடையில் இலை உதிர்த்து, மழையில் துளிர்க்கும் செடி இது. கருஞ்சிவப்புப் பூவில் மஞ்சள் புள்ளிகள். மகாராஷ்டிரத்தைத் தவிர வேறெங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை. 1860களில் தாவரவியலாளர் டால்செல், பம்பாய் ஆளுநர் ஃப்ரெரின் பெயரை இதற்குச் சூட்டினார்.

இத்தகைய செடிகளை அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டி, எடுத்த இடமும் தேதியும் எழுதிக் காக்கும் தொகுப்பே ஹெர்பேரியம்; மும்பை செயின்ட் சேவியர் கல்லூரியின் பிளாட்டர் ஹெர்பேரியம் அப்படியொன்று. கைபேசிப் படம் போதாதா என்று கேட்கலாம். படத்திலிருந்து மகரந்தத்தையோ மரபணுவையோ எடுக்க முடியாது. அரிய செடியைப் பறிப்பது தவறல்லவா என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் அனுமதி பெற்று, சிறு கிளை மட்டும் எடுக்க வேண்டும். இன்று இல்லாத ஒரு செடி அன்று ஒரு குன்றில் இருந்தது என்பதற்கு அந்தப் பழைய தாளே உறுதியான சான்று. மழைக்காலத்தில் மலையேறுவோரே, பூவைப் பார்த்து மகிழுங்கள், பறிக்காதீர்கள்.