பந்தி பிரிந்தால் கிருபை இல்லை



கத்தோலிக்கர் ‘அருள்’ என்பதைச் சீர்திருத்தச் சபையார் ‘கிருபை’ என்கிறார்கள். சொல் இரண்டானாலும் பொருள் ஒன்றுதான்: தகுதி பாராமல் கடவுள் இலவசமாகத் தருவது. குலமும் பிறப்பும் அதற்குக் கணக்கில்லை. எல்லோரும் இலவசமாகப் பெற்றவர்கள் என்றால், கோயிலுக்குள் வீட்டுக்காரர் யார், விருந்தாளி யார்? ‘வெளியாரை வரவேற்கிறோம்’ என்று சொல்லும் உரிமை யாருக்கு வந்தது?

இக்கேள்வி பழையது. அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகினார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் இது இருக்கிறது. பந்தி பிரிந்தால் நற்செய்தியே பொய்யாகிவிடும் என்பதுதான் பவுலின் வாதம்.

நம் மண்ணில் என்ன நடந்தது? சபைகளில் சாதி வேற்றுமையை ஒழிக்கும்படி 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் ஆணையிட்டார். சென்னையிலும் தஞ்சையிலும் பலர் சபையையே விட்டார்கள், சாதியை விடவில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையோ, கிறிஸ்தவராகிவிட்டால் பட்டியல் சாதியினர் இல்லை என்றது. அரசின் ஏட்டில் போன சாதி, ஆலய வாசலில் அப்படியே நின்றது.

உளுந்தூர்பேட்டை பக்கத்து எறையூரை நீங்கள் அறிவீர்கள். அங்கே தலித் கிறிஸ்தவருக்குக் கல்லறை தனியாக இருந்தது. அவர்களுடைய சவ ஊர்வலம் பொதுத்தெரு வழியாகக் கோயிலுக்குப் போக முடியவில்லை. 2008இல் அவர்கள் தனிப் பங்கு கேட்டுப் போராடினார்கள். மார்ச் 9 அன்று வன்முறை வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் இறந்தனர்.

‘பங்கு’ என்றால் பங்குத்தந்தையின் எல்லை மட்டுமல்ல, நமக்கு உரிய பாகமும்தான். பொதுப் பங்கில் பாகம் கிடைக்காதவர்கள்தான் தனிப் பங்கு கேட்டார்கள். அதைப் பிரிவினை என்பது நியாயமா? தமிழகக் கத்தோலிக்கரில் பெரும்பான்மையோர் தலித்துகள். அவர்கள் எப்படி வெளியார் ஆவார்கள்?

இந்த நெய்வேலி நகரியத்தில் எல்லோருமே வந்தேறிகள். எந்த வட்டத்துக்கும் ஊர்த்தெரு, சேரி என்ற பூர்வீகம் கிடையாது. ஞாயிறன்று ஒரே பெஞ்சில் உட்காருவது இங்கே எளிது. திருவிழாவுக்கும் சாவுக்கும் சொந்த ஊர் போகும்போதுதான் சோதனை. தேர் எந்தத் தெரு வரை வருகிறது, பாடை எந்த வழியாகப் போகிறது, பங்குப் பேரவையில் யார் பேச்சு எடுபடுகிறது என்று பாருங்கள். கிருபை அங்கே இருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.