தொலைபேசிக் கம்பி அறுந்தால் செலவு யாருடையது?

இராசிபுரம், ஆத்தூர்ப் பக்கங்களில் மரவள்ளித் தோட்டத்திற்குக் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டுங்கால், மண்ணுக்குள் கிடக்கும் தொலைபேசிக் கம்பி அறுபடுவதுண்டு. உடனே அவ்வூர்த் தறிக்காரர் வீட்டுத் தொலைபேசி ஊமையாகிவிடுகிறது. கைபேசி வந்தபின் இக்கவலை ஏது என்பார் உளர். இன்டர்நெட்டும் அக்கம்பி வழியே வரும் வீடுகளில் கவலை ஒழிந்தபாடில்லை.

தோண்டியவர் பொறுப்பை முதலில் காண்போம். கவனக்குறைவால் கம்பியைச் சேதப்படுத்தியவரே பழுதுபார்க்கும் செலவைத் தரவேண்டும் என்று 1885 ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 25-ஏ பிரிவு விதித்திருந்தது. 2023 ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42 ஆம் பிரிவு 2024 ஜூன் 26 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அதன்படி நஷ்டஈட்டுடன் ரூ. 50 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். ஒரு பள்ளத்திற்கு இத்தொகையா என்று அங்கத்தினர் திகைத்தல் இயல்பே. ஆகவே தோண்டுமுன் அறிவித்தல் நலம். இதற்கென்றே 2023 மார்ச்சு மாதத்தில் 'கால் பிஃபோர் யூ டிக்' என்னும் கைபேசிச் செயலியை அரசு தொடங்கியது.

மறுபக்கமும் உண்டு. கம்பி போடுவோர் நம் பயிரை மிதித்து அழித்தால், அதே 1885 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10 ஆம் பிரிவு முழு நஷ்டஈடு தரச் சொல்லியிருந்தது. தொகையில் தகராறு எழுந்தால் மாவட்ட நீதிபதியை நாடவும் 16 ஆம் பிரிவு வழி வைத்திருந்தது. மின் கோபுரங்களுக்கு நிலம் விட்ட நமது குடியானவர்களுக்கு இப்பிரிவுகள் புதியனவல்ல.

இனி, தம் குற்றம் யாதுமின்றித் தொலைபேசி கெட்டவர் நிலை யாது? வெளிக் கம்பியைச் சீர்செய்வது நிறுவனத்தின் கடன். சந்தாதாரர் தாமே வாங்கிய கருவி கெட்டால் செலவு அவருடையது. பேசாத தொலைபேசிக்கு வாடகை கேட்பது முறையன்று என்பதை ஒழுங்குமுறை ஆணையமும் ஏற்றது. பழுது மூன்று நாளைக் கடந்தால் ஏழு நாள் வாடகையும், ஏழு நாளைக் கடந்தால் பதினைந்து நாள் வாடகையும், பதினைந்தையும் கடந்தால் ஒரு மாத வாடகையும் தள்ளுபடி என 2009 இல் அது விதி வகுத்தது.

ஆயினும் அதே 2009 இல், தொலைபேசித் தகராறுகளை நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாகாது, மத்தியஸ்தமே வழி என்று கேரளத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. எளியவர்க்கு அது பெரும் இடையூறாயிற்று. 2022 பிப்ரவரி 16 அன்று வேறொரு வழக்கில் அந்நீதிமன்றமே நுகர்வோர் மன்றத்தின் கதவு அடைபடவில்லை எனத் தீர்ப்பளித்தது. சேலத்திலும் நாமக்கல்லிலும் மாவட்ட நுகர்வோர் ஆணையங்கள் உள்ளன. செலுத்திய தொகை ரூ. 5 லட்சத்திற்கு மேற்படாத வழக்குக்குக் கட்டணம் இல்லை. நிறுவனத்திடம் முறையிட்ட நாளையும், அவர்கள் தரும் புகார் எண்ணையும் குறித்து வைத்து, பில்களுடன் எடுத்துச் செல்லவேண்டும்.