பழைய கட்டம், புதுத் துணி

அமெரிக்கக் குயில்ட் (துணித்துண்டுகளைக் கட்டம் கட்டமாகச் சேர்த்துத் தைக்கும் போர்வை) என்றதும் எனக்கு நினைவுக்கு வந்துகொண்டிருந்தது ஒரே நிறம்தான்: தேயிலைச் சக்கையின் பழுப்பு. அதில் பொடிப்பூ, ஓரத்தில் மங்கிய ரோஜா நிறம். 1976இல் அமெரிக்கா தன் இருநூறாவது ஆண்டைக் கொண்டாடியபோது பாட்டி காலத்துச் சாமான்கள் மேல் பெரிய மோகம் கிளம்பியது. 'பாரம்பரியம்' என்ற பெயரில் இந்தப் பழுப்பு ஊரெங்கும் பரவியதில் அதற்குப் பங்குண்டு. உண்மையான பாட்டிகள் இதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். பழைய குயில்ட்களில் இன்று பழுப்பாகத் தெரியும் துண்டுகளில் பல, தைத்த நாளில் சிவப்பாகவோ ஊதாவாகவோ இருந்தவை. சாயம்தான் வெளுத்துவிட்டது.

என் மனம் மாறியது 'லாக் கேபின்' என்ற கட்டத்தால். 1860களிலிருந்து அமெரிக்க வீடுகளில் தைக்கப்படுவது. நடுவில் ஒரு சின்னச் சதுரம். பெரும்பாலும் சிவப்பு, வீட்டின் கணப்பு அடுப்பு என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். அதைச் சுற்றிச் சுற்றி நீளத் துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டே போக வேண்டும். அடுத்தடுத்த இரண்டு பக்கம் வெளிர்துணி, மற்ற இரண்டு பக்கம் அடர்துணி. இவ்வளவுதான் கட்டம். விளையாட்டு தொடங்குவது இதற்குப் பிறகு. பல கட்டங்களைத் தைத்துத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பி வைத்தால் படம் மாறும். ஒருவிதமாக அடுக்கினால் உழவுச் சால்போலச் சாய்ந்த வரிகள் ஓடும். இன்னொருவிதமாக அடுக்கினால் ஒன்றுக்குள் ஒன்றாக வைர வடிவங்கள் விரியும். பூ, கோடு, புள்ளி எதுவும் இந்தப் படத்தை உண்டாக்குவதில்லை. வெளிச்சமும் நிழலும்தான் உண்டாக்குகின்றன. அதனால்தான் இதை எந்தக் காலத்துத் துணியிலும் தைக்க முடிகிறது. கருஞ்சாம்பலும் எலுமிச்சை மஞ்சளுமாக, பூவே இல்லாத வெற்றுப் பருத்தியில் தைத்த லாக் கேபினைப் பார்த்தபோது, கட்டத்தின் எலும்பே முதன்முறையாகக் கண்ணில் பட்டது.

யோசித்தால், இந்தக் கலையில் 'பாரம்பரியத் துணி' என்ற ஒன்றே இருந்ததில்லை. இங்கிலாந்தின் ஒட்டுத்துணி வேலையில் மிகப் பழையது என்று காட்டப்படுவது லெவென்ஸ் ஹால் மாளிகையில் இருக்கிறது. சுமார் 1708இல் தைத்தது. துணி இந்தியாவிலிருந்து போன சீட்டித் துணி, அன்றைய ஐரோப்பாவின் உச்ச நாகரிகம். சோழமண்டலக் கரையில் கையால் சாயமெழுதிய துணிகளுக்கு அங்கே அப்படியொரு மவுசு. உள்ளூர் நெசவாளர்கள் கொதித்துப்போய், 1721இல் அச்சிட்ட பருத்தித் துணிக்குத் தடைச்சட்டமே வந்தது. கையில் இருந்த கொஞ்சத்தை வீணாக்காமல், அதிலிருந்த பறவையையும் பூவையும் தனியே வெட்டி வெள்ளைத்துணியில் வைத்துத் தைத்தார்கள் பெண்கள். இன்று அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருக்கும் இந்த வகை வேலை, அன்று புத்தம்புது ஃபேஷன்.

1930களின் பொருளாதார மந்த காலத்தில் அமெரிக்காவில் மாவும் கோழித்தீவனமும் பூப்போட்ட பருத்திப் பைகளில் வந்தன. பை காலியானதும் சட்டையாகும், மிச்சம் குயில்ட்டாகும். கட்டங்களுக்கான படங்களை 'கான்சஸ் சிட்டி ஸ்டார்' நாளிதழ் 1928 முதல் 1961 வரை அச்சிட்டு வந்தது. கட்டம் செய்தித்தாளில், துணி தீவனக் கடையில்!

எனக்கு மிகப் பிடித்த உதாரணம் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட். மூன்று பக்கமும் ஆறு வளைத்துக்கொண்ட ஊர். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினக் குடும்பங்கள் வாழ்வது. அவர்களின் 'ஹவுஸ்டாப்' என்ற கட்டம் லாக் கேபினுக்கு நெருங்கிய உறவு. தேய்ந்த வேலைச்சட்டை, வெளுத்த ஜீன்ஸ் என்று கிடைத்ததில் தைத்தார்கள். 1972இல் அந்த வட்டாரப் பெண்களின் தையல் கூட்டுறவுக்கு சியர்ஸ் நிறுவனத்திடமிருந்து கார்டுராய் தலையணை உறை தைக்கும் வேலை வந்தது. வெட்டி மிஞ்சிய துண்டுகள் வீடுகளுக்குப் போயின: தங்க மஞ்சள், அவகாடோ பச்சை, செர்ரி சிவப்பு. எழுபதுகளின் அமெரிக்க வரவேற்பறையை அலங்கரித்த நிறங்கள். கார்டுராய் முரட்டுத் துணி. நுணுக்கமாக வெட்டித் தைக்க விடாது. அதனால் துண்டுகள் பெரிதாயின, கோடுகள் லேசாகக் கோணின, நிறம் ஓங்கியது. 2002இல் இந்த ஊரின் குயில்ட்கள் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் ஓவியங்களாகத் தொங்கின; 2006இல் தபால்தலைகளிலும் ஏறின. புதுத்துணி பழைய கட்டத்தைக் கெடுக்கும் என்பவர்கள் இவற்றை ஒருமுறை பார்க்கலாம்.

இதற்காகக் கடையில் பளிச்சென்று இருப்பதையெல்லாம் அள்ளிவரச் சொல்லவில்லை. இன்றைய துணிகளில் உள்ளங்கை அகலப் பூக்கள் வருகின்றன. இரண்டங்குலத் துண்டாக வெட்டினால் பூவும் மிஞ்சாது, கட்டமும் தெரியாது. எல்லாத் துணியும் ஒரே அளவு பளிச்சென்று இருந்தாலும் அதே கதிதான். தையல்காரர்கள் கையாளும் சுலபமான வழி ஒன்று உண்டு. துணிகளை வரிசையாக வைத்து, கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்ப்பார்கள். ஆரஞ்சும் பச்சையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், இரண்டில் ஒன்று திரும்ப அலமாரிக்குப் போகும்.

எல்லாப் பழைய கட்டங்களோடும் எனக்குச் சமாதானம் ஆகிவிடவில்லை. 'சன்பானட் சூ' என்று ஒரு குட்டிப் பெண் இருக்கிறாள். பெரிய தொப்பிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு பக்கவாட்டில் நிற்பாள்; இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து எண்ணற்ற குழந்தைப் போர்வைகளில் நின்றுகொண்டே இருக்கிறாள். ஜப்பானியத் துணியோ லிபர்ட்டி நிறுவனத் துணியோ, எதில் தைத்தாலும் அவள் எனக்கு ஆகாது. இதில் நான் தனி ஆளில்லை. கான்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் சில பெண்கள் சேர்ந்து 1979இல் ஒரு குயில்ட் தைத்தார்கள். கட்டத்துக்குக் கட்டம் சூ விதவிதமாகச் சாகிறாள். தையல் மிக நேர்த்தி.