படம் வரைந்து கதை சொல்லட்டும் உங்கள் குழந்தை

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்தவுடன் பலரும் குழந்தைகளுக்காகத் தேடுவது கேம்ஸ் தான். அதற்கு முன் டக்ஸ் பெயின்ட் என்ற புரோகிராமை இன்ஸ்டால் செய்து பாருங்கள். பில் கென்ட்ரிக் என்பவர் 2002ல் உருவாக்கிய இந்த புரோகிராம் இன்றும் இலவசம்தான். 3 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கானது. டக்ஸ்பெயின்ட்.ஆர்க் தளத்திலிருந்து டவுன்லோட் செய்திடலாம். விண்டோஸ் பயன்படுத்துவோர் ஸ்டாம்ப் எனப்படும் ரெடிமேட் படங்களைத் தனியே டவுன்லோட் செய்ய வேண்டும். முதலில் அது வேண்டாம் என்பேன். ரெடிமேட் யானை கிடைத்தால் குழந்தை ஏன் யானை வரையப் போகிறது?

யு.கே.ஜி. படிக்கும் என் மகன், தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தாலே எழுந்து ஓடிவிடுவான். எழுத்துக்கள் தெரியவில்லை என்று பள்ளியிலிருந்தும் குறிப்பு வந்தது. அவனிடம் ஒரு கதை வரையச் சொன்னேன். மழையில் நாய்க்குட்டி, அடுத்து வீட்டுக்குள் நாய்க்குட்டி. மூன்றாவது படம் முழுக்கக் கறுப்பு. இது என்னடா என்றேன். "கரண்ட் போயிடுச்சுப்பா" என்றான்.

ஒவ்வொரு படம் முடிந்ததும் சேவ் கிளிக் செய்தால் போதும். பைலுக்குப் பெயர் கேட்காது. எனவே எழுத்தறியாத குழந்தையும் தானே சேமிக்கலாம். அடுத்த படத்திற்கு நியூ. கதையாகப் பார்க்க ஓப்பன் கிளிக் செய்திடுங்கள். வரைந்தவை எல்லாம் சிறு படங்களாகத் தெரியும். ஸ்லைட்ஸ் பட்டனை அழுத்தி, கதை வரிசைப்படி படங்களைக் கிளிக் செய்து, பின் பிளே அழுத்துங்கள். அதற்கு முன் வேகத்தைக் குறிக்கும் ஸ்லைடரை இடது ஓரத்திற்குத் தள்ளிவிடுங்கள். ஸ்பேஸ் பார் தட்டினால்தான் அடுத்த படம் வரும். குழந்தை நிதானமாகக் கதை சொல்லும்.

என் மகன் இரண்டாவது படத்திலேயே நிறுத்திவிட்டான். "கதவே திறக்கல, எப்படி உள்ள வந்துச்சு?" உடனே கதவு திறப்பது போல் ஒரு படம் வரைந்து இடையில் சேர்த்தான். எது முன், எது பின் என்று நான் சொல்லித் தரவில்லை.

பிறகு படங்களை பிரிண்ட் எடுத்து, அவன் சொன்னதை அப்படியே கீழே பென்சிலால் எழுதினேன். "போயிடுச்சு" என்பதை "போய்விட்டது" ஆக்கவில்லை. தான் பேசிய சொல்லாக இருந்தால்தான் நினைவில் வைத்துப் படிக்க முடியும். (பிரிண்டர் இல்லையா? நோட்டில் எழுதுங்கள்.) விரல் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தான். நான்காம் நாள், பேப்பரில் "கதவு" என்ற சொல்லைக் காட்டி, "இது என் கதவு" என்றான்.

மெனுக்கள் தமிழிலேயே வேண்டுமென்றால், டக்ஸ் பெயின்ட் கான்பிக் புரோகிராமைத் திறந்து, லாங்குவேஜஸ் டேபில் தமிழைத் தேர்ந்தெடுத்து அப்ளை செய்திடுங்கள்.