துரத்துதலும் நாடுதலும்

ஆங்கிலத்தில் 'ரன் ஆஃப்டர்', 'கோ ஆஃப்டர்' என வினையோடு சிறுசொல் சேர்ந்து வரும் தொடர்கள் ஒன்றன் பின் செல்லுதலைக் குறிப்பன. இவற்றைத் தமிழாக்குங்கால் நம் மாணவர் பலர் இடறக் காண்கிறோம். தேர்வொன்றில், புகழ் வேண்டிச் சென்றான் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரை ஒரு மாணவர் 'அவன் புகழைத் துரத்தினான்' என்று எழுதியிருந்தார். தேடி வந்த புகழை அவன் வாசலிலேயே விரட்டிவிட்டான் போலும் என எண்ணினோம்!

பிழை முழுதும் மாணவருடையதன்று. 'துரத்து' என்னும் சொல்லே இருமுகம் உடையது. அண்ணனூர்த் தெருவொன்றில் மிதிவண்டியில் செல்பவரை நாய் துரத்துகிறது. வீட்டுக்காரர் கோலெடுத்து அந்நாயைத் துரத்துகிறார். வினை ஒன்றே. நாய்க்கோ பிடிக்க வேண்டும். வீட்டுக்காரருக்கோ அது போய்த் தொலைய வேண்டும். ஆங்கிலம் இவ்வேறுபாட்டைச் சிறுசொல்லால் காட்டும். 'சேஸ் ஆஃப்டர்' எனின் பின்னே ஓடுதல். 'சேஸ் அவே' எனின் அகற்றுதல். 'சேஸ் டவுன்' எனின் எட்டிப் பிடித்தல். தமிழோ மற்றொரு வினையைத் துணைக்கு அழைக்கிறது: துரத்திச் செல்லுதல், துரத்திவிடுதல், துரத்திப் பிடித்தல். முன்னது எச்சமாய் நிற்க, பின்வரும் வினையே செயலின் முடிவைச் சொல்கிறது.

'ஆஃப்டர்' என்பதற்கு நேரான 'பின்' நம்மிடமும் உண்டு. நன்னூலார் அதனை ஏழாம் வேற்றுமையின் இடப்பொருள் உருபுகளுள் ஒன்றாக வைத்தார். ஆயின் அது பெயரைச் சார்ந்து நிற்பது. அண்ணனூர் நிலையத்தில் புறப்பட்டுவிட்ட மின்தொடர் வண்டியின் பின் ஒருவர் ஓடுகிறார் என்றால், ஓடும் இடம் தெரிகிறது. வண்டி கிடைத்ததா என்பது தெரிவதில்லை.

நாடும் பொருள் கண்ணுக்குப் புலப்படாதபோது இன்னொரு பொறுப்பும் சேர்கிறது. 'பதவியின் பின்னால் அலைகிறான்' என்றால் இகழ்ச்சி. 'பதவியை நாடுகிறான்' என்றால் அஃதில்லை. 'கோ ஆஃப்டர்' இரண்டிற்கும் பொருந்தும். ஆதலின் மூலத்தை எழுதியவர் எந்த மனநிலையில் எழுதினார் என்பதை மொழிபெயர்ப்பவரே உய்த்துணர வேண்டும். 'பர்சூ' என்னும் வினையும் இத்தகையதே. காவலர் கள்வனைத் தொடர்வதற்கும் மாணவர் உயர்கல்வி பயில்வதற்கும் அது ஒன்றே. அரபியில் மாணவரைக் குறிக்கும் 'தாலிப்' என்ற சொல்லுக்குத் தேடுபவர் என்பதே பொருள். கல்வியைத் 'தேடுதல்' என நம் பெரியோர் சொல்வது இதனோடு இயைந்து நிற்கிறது.

விடைத்தாளைப் பெற்ற அம்மாணவர் எளிதில் விடவில்லை. "கிரிக்கெட் செய்திகளில் இலக்கைத் துரத்தியதாக எழுதுகிறார்களே, ஐயா?" என்றார். கேள்வி நியாயமானதே. 2011 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், மும்பையில் இந்திய அணி 275 ஓட்டங்கள் என்னும் இலக்கைத் துரத்தி வென்றது என்றால் எவருக்கும் உறுத்துவதில்லை. 'இலக்கு' என்னும் சொல் அருகில் நின்று காக்கிறது. இலக்கை யாரும் கோலெடுத்து அகற்றுவதில்லை. புகழுக்கு அக்காவல் இல்லை. எனினும் கேட்டதற்காக அரை மதிப்பெண் கூட்டி, ஓரத்தில் 'புகழை நாடிச் சென்றான்' என எழுதித் திருப்பித் தந்தோம்.