கொப்பரை மூடி திறக்கும் நேரம்

“முடியை அள்ளி முடிஞ்சுக்கிட்டு, செருப்பை வெளியில விட்டுட்டு வாம்மா. தோசைக்கல்லு பக்கம் மட்டும் போயிடாத.”

இந்தச் சொல்லுக்காக மூன்று வருஷம் காத்திருந்தேன்! சுவாமிமலைக்கு வரும்போதெல்லாம் அந்தக் காப்பி ஓட்டலின் முன்பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சமையல்கட்டின் கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொஞ்சம் ஆவி, கொஞ்சம் சத்தம், பெருங்காய வாசனை. உடனே மூடிக்கொள்ளும். “உள்ள வந்து பார்க்கலாமாண்ணே?” என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மாஸ்டரே சொன்னார்: “நாளைக்கு ஞாயித்துக்கிழமை. விடியக்காலை மூணரைக்கு வந்துடு. கடப்பா போடுறேன்.”

கடையின் பெயரைப் போடக் கூடாது என்பது முதலாளியின் ஒரே நிபந்தனை. “பேரைப் போட்டா கூட்டம் வரும். கூட்டம் வந்தா மாவு பத்தாது. மாவு பத்தலைன்னா நம்ம ஆளுங்களுக்கு இல்லாமப் போயிடும்.” அதனால் இது கோயிலுக்குப் போகும் வழியில், ஆறு மேஜையும் ஒரு கல்லாவும் சுவரில் ஒரு சுவாமிநாதர் படமும் உள்ள கடை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உள்ளே போனதும் முதலில் தெரிவது வெளிச்சமில்லை, வெப்பம்தான். விறகு அடுப்பின்மேல் இட்லிக் கொப்பரை ஏற்கெனவே முனகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மூன்று எவர்சில்வர் அண்டாக்களில் மாவு, வாய்வரை பொங்கி நின்றது. நான் கையை நீட்டப் போனேன். “தொடாதம்மா, அது மூச்சு விட்டுக்கிட்டு இருக்கு,” என்றார் மாஸ்டர். உண்மைதான். மேல்பரப்பில் சின்னச் சின்னக் குமிழிகள் வந்து உடைவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

நாலுக்கு ஒன்று என்பது அவர் கணக்கு. நாலு படி அரிசி, ஒரு படி உளுந்து, ஒரு பிடி வெந்தயம். உளுந்தைத் தனியாக, ஜில்லென்ற தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆட்ட வேண்டும். கிரைண்டர் சூடாகிவிட்டால் உளுந்து பொங்காது. பந்து பிடித்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். முங்கினால் இன்னும் ஐந்து நிமிஷம். அரிசியைக் கொரகொரப்பாக விட வேண்டும். மார்கழியில் மாவு சோம்பல் படும் என்பதால் அண்டாவை அடுப்புக்குப் பக்கத்தில் படுக்கவைப்பாராம். அரிசி என்ன அரிசி என்று கேட்டேன். “ஆடுதுறை முப்பத்தேழு. வேற எதைப் போட்டாலும் இட்லி கோவிச்சுக்கும்.” குட்டையாக, குண்டாக இருக்கும் ரகம். அது பிறந்த நெல் ஆராய்ச்சி நிலையம் கும்பகோணத்துக்குக் கிழக்கே ஆடுதுறையில், 1922 முதல் இருக்கிறது. நான் மூன்று வருஷமாக வியந்து சாப்பிட்ட இட்லியின் பூர்வீகம் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரத்தில்!

நாலேகால் மணிக்கு முதல் ஈடு. மாஸ்டர் கொப்பரை மூடியைத் திறந்தார். ஒரு வெள்ளைச் சுவர் எழுந்து நின்றது, அவ்வளவுதான், எனக்கு எதிரில் இருந்த ஆளே மறைந்துபோனார். ஆவி விலகியதும் ஈரத்துணி விரித்த தட்டுகளில் வரிசை வரிசையாக இட்லிகள். தட்டைக் கவிழ்த்து, துணியின் பின்பக்கம் ஒரு கை தண்ணீர் தெளித்து, ஓரத்தைப் பிடித்து மெல்ல உரித்தார். ஒவ்வொரு இட்லியின் முதுகிலும் துணி நெசவின் தடம் குறுக்கும் நெடுக்குமாகப் பதிந்திருந்தது. எண்ணெய் தடவிய குழியில் வேகும் இட்லிக்கு அந்தத் தடம் கிடைக்காது. இனிமேல் எந்த ஓட்டலிலும் இட்லியை நான் திருப்பிப் பார்க்காமல் சாப்பிடப் போவதில்லை.

முதல் ஈட்டின் முதல் இட்லி யாருக்கும் இல்லை. அதை ஒரு துண்டு வாழை இலையில் வைத்துச் சுவாமிநாதர் படத்துக்குக் கீழே வைத்தார்கள். இரண்டாவது எனக்கு.

இனி கடப்பா. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்தைத் தாண்டினால் இந்தப் பெயரே பலருக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். “இது குருமா இல்லம்மா,” என்றார் மாஸ்டர், நான் அந்த வார்த்தையை வாயில் எடுப்பதற்கு முன்பே. “குருமாவுல காரம் முன்னாடி வரும். இதுல வாசனை முன்னாடி வரணும், காரம் பின்னாடியே வரணும்.”

பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்திருந்தார். உருளைக்கிழங்கைக் கத்தியால் வெட்டவில்லை, வெந்ததும் கையாலேயே உதிர்த்தார். சில துண்டு கட்டியாக, சில துண்டு மாவாக. தேங்காய், கசகசா, சோம்பு, பொட்டுக்கடலை, பச்சை மிளகாய், பூண்டு எல்லாம் சேர்ந்து வெண்ணெய் மாதிரி அரைபட்டது. பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை எண்ணெயில் பொரிந்ததும் வெங்காயம். அது சிவக்கக் கூடாது, கண்ணாடி மாதிரி ஆனால் போதும். பிறகு பருப்பு, கிழங்கு, அரைத்த விழுது. கொதி வந்தபோது அந்த அடுக்களையே வேறு இடமாகிவிட்டது! பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா தலையைத் தூக்கி, “வந்துடுச்சு,” என்றார். வாசனையை வைத்தே பதம் சொல்கிறார்.

அடுப்பை விட்டு இறக்கிய பிறகுதான் எலுமிச்சை. கொதிக்கும்போது பிழிந்தால் கசக்கும். இரண்டு பழத்தைப் பிழிந்து, ஒரு தடவை மட்டும் கிளறி, மூடிவிட்டார். “பத்து நிமிஷம் யாரும் திறக்கக் கூடாது.” அந்தப் பத்து நிமிஷம் என் வாழ்க்கையிலேயே நீளமான பத்து நிமிஷம்.

வாரத்தில் ஒரு நாளுக்கென்று ஒரு பண்டம் வைத்திருப்பது இந்தக் கடையின் வழக்கம், ஞாயிறு என்றால் கடப்பா. இந்த வழக்கம் வேறு ஊரிலும் உண்டு. இங்கிலாந்தின் கிராமத்துப் பக்கம் வேலை பார்க்கும் என் அத்தை பையன் ஞாயிறுதோறும் ஒரு படம் அனுப்புவான். ஊர் பப்பில் ‘சண்டே ரோஸ்ட்’: சுட்ட இறைச்சி, உருளைக்கிழங்கு, யார்க்‌ஷயர் புட்டிங், மேலே கிரேவி. ஞாயிறு தவறினால் அடுத்த ஞாயிறுதான். பப் என்றால் குடிக்கிற இடம் என்று மட்டும் நினைத்திருந்தேன். ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் சுருக்கமாம் அது, பொதுவீடு. கல்யாணப் பேச்சு, பந்தாட்டப் பேச்சு, சாவுச் செய்தி எல்லாம் அங்கேதான். கடப்பா படத்தை அவனுக்கு அனுப்பினேன். ‘இது எங்க ஊர் பப் மாதிரியே இருக்கு’ என்று பதில் வந்தது.

பொதுவீடு என்ற சொல்லுக்கு இரண்டு ஊரும் கொஞ்ச காலம் உண்மையாக இல்லை. அங்கே உழைப்பாளிகளுக்கு ஒரு பார், கொஞ்சம் கூடக் காசு கொடுப்பவர்களுக்கு ‘சலூன் பார்’ என்று நடுவே சுவர் வைத்திருந்தார்கள். இங்கே காப்பி கிளப்புகளில் சாதி பார்த்துத் தனி இடம் போட்டார்கள். பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லி 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் பெரியார் நடத்திய போராட்டம் அந்தக் கதையின் பெரிய அத்தியாயம். இன்றைக்கு ஒரே பெஞ்சில் நாலு ஊர் ஆட்கள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து சட்னி வாளியை மாற்றி மாற்றி நகர்த்துவதைப் பார்க்கும்போது, அந்தப் பெஞ்சின்மேல் எனக்குத் தனி மரியாதை வருகிறது.

ஐந்து மணிக்குப் பால் வந்தது. இன்னொரு மேடைக்கு ஓடினேன், ஏனென்றால் காப்பி மாஸ்டர் தனி ஆள், தனி ராஜ்யம். மேல்பாத்திரம், கீழ்பாத்திரம் என்று முழங்கால் உயரப் பித்தளை ஃபில்டர். பொடியைப் போட்டு அமுக்கி, கொதிக்கும் தண்ணீரை வட்டமாக ஊற்றி மூடிவிட்டால் பிறகு அதைத் தட்டக் கூடாது, ஆட்டக் கூடாது. கள்ளிச்சொட்டு மாதிரி தானாக இறங்க வேண்டும். சிக்கரி சேருமா என்று கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. காப்பித்தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி கலக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. இவர் மேடை இடம் கொடுக்கவில்லை.

‘டிகிரி காப்பி’ என்ற பெயருக்கு எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கும்பகோணத்தில் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். முதல் டிகாஷன்தான் டிகிரி என்பார் ஒருவர். சிக்கரிதான் வாய்மொழியில் டிகிரி ஆனது என்பார் இன்னொருவர். பாலில் தண்ணீர் கலக்கவில்லை என்று லாக்டோமீட்டர் வைத்து டிகிரி பார்த்ததால் வந்த பெயர் என்பது மூன்றாவது. லட்சுமி விலாஸ் காப்பி கிளப் நடத்திய பஞ்சாமி ஐயரைப் பற்றிப் பேசும் பெரியவர்கள், அவர் சொந்த மாட்டுப் பாலில்தான் காப்பி போட்டார் என்று சொல்வதைக் கேட்டால், எனக்கு இந்தப் பால் கதைதான் சரியென்று படுகிறது. காப்பி மாஸ்டரும் என் கட்சிதான். பாலை ஒரு சொட்டு நகத்தின்மேல் விட்டுக் காட்டினார். ஓடவில்லை, முத்து மாதிரி நின்றது.

பிறகு அந்த ஆற்றல்! டம்ளர் தலைக்கு மேலே, டபரா இடுப்புக்குக் கீழே, நடுவில் ஒரு கெஜம் காப்பி. ஒரு துளி சிந்தவில்லை.

ஆறு மணிக்குக் கதவு திறந்தது. கோயில் கட்டுமலையில், பிரபவ முதல் அட்சய வரை வருஷத்துக்கு ஒன்றாகப் பெயர் கொண்ட அறுபது படிகளையும் ஏறி இறங்கிய பசியோடு ஜனங்கள் உள்ளே வந்தார்கள். “மூணுக்கு ரெண்டு இட்லி ஒரு வடை! அஞ்சுக்கு ரோஸ்ட் ஒண்ணு, கடப்பா தனியா! காப்பி ரெண்டு, ஒண்ணு சக்கரை இல்லாம!” சப்ளையர் காகிதத்தில் எதையும் எழுதவில்லை. ஆறு மேஜையும் அவர் தலைக்குள் இருந்தன.

மூலை மேஜை, சிலை வார்க்கும் ஸ்தபதிகளுக்கு. வேறு யாரும் அங்கே உட்காருவதில்லை, பலகை எதுவும் வைக்கவில்லை, ஆனால் ஊருக்கே தெரியும். அன்றைக்கு ஒரு பட்டறையில் உலோகம் ஊற்றும் நாள். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துச் செய்த உருவத்தின்மேல் காவிரி வண்டல் பூசி, காயவைத்து, மெழுகை உருக்கி வெளியே விட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஊற்ற ஆரம்பித்தால் நிறுத்த முடியாது, அதனால் முன்னாலேயே வயிறு நிறைய வேண்டும். நகத்தடியில் வண்டல் ஒட்டிய கையால் ஒரு பெரியவர் இட்லியைக் கடப்பாவில் தோய்த்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். கதவு இடுக்கில் மாஸ்டர் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் ஒரே ஒரு முறை தலையை ஆட்டினார். மாஸ்டர் கதவை மூடிக்கொண்டு உள்ளே வந்து, “எலுமிச்சை சரியாத்தான் இருக்கு,” என்றார். உருகிய உலோகத்தில் பச்சைச் சுடர் எழுகிறதா என்று பார்த்துப் பதம் சொல்கிறவரின் நாக்கு அது.

ஒன்பதரைக்கு அண்டா காலி. கல்லாவில் ஒரு தட்டில் வெற்றிலை. சுற்றுவட்டக் கொடிக்கால்களில் அகத்தி மரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும் கும்பகோணம் வெற்றிலை, 2025இல் புவிசார் குறியீடு வாங்கியது. இலை பட்டு மாதிரி இருக்கும், காரம் மெதுவாகத்தான் ஏறும். காசு கொடுத்துவிட்டு ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போனார்கள்.

பத்தரைக்குத்தான் மாஸ்டர் முதன்முறையாக உட்கார்ந்தார். அவருடைய காலைச் சாப்பாடு என்ன தெரியுமா? பழையது. அதில் மோர் விட்டு, காலி அண்டாவின் அடியைக் கரண்டியால் சுரண்டி எடுத்த கடப்பாவைத் தொட்டுக்கொண்டார். அடிப்பிடித்த அந்தப் பழுப்பு நிறப் படிவத்தில் பாதியை எடுத்து என் இலையிலும் வைத்தார். மேஜைக்கு வந்த கடப்பாவைவிட அது இன்னும் மணமாக இருந்தது, சத்தியமாக!

“அடுத்த ஞாயிறும் வரட்டுமாண்ணே?”

“அடுத்த ஞாயிறு கிருத்திகைம்மா. வெங்காயம், பூண்டு உள்ள வராது. அதுக்கு அடுத்த வாரம் வா. கிழங்கு நீ உதுரு.”