எல்லாப் பாட்டும் கேட்பேன், ஆனா...

வானொலிக்கு அழைத்துப் பாடல் கேட்கும் நேயர்களில் ஒரு வகையினர் உண்டு. பாட்டின் பெயரைச் சொல்வதற்கு முன்பே காரணத்தைச் சொல்லிவிடுவார்கள். "எனக்கில்ல அக்கா, வீட்டுல சின்னவன் கேக்கிறான்." "சும்மா ஜாலிக்குத்தான், தப்பா நினைக்காதீங்க." பெரும்பாலும் அது ஒரு குத்துப் பாட்டாக இருக்கும். இளையராஜாவின் எண்பதுகளைக் கேட்பவர் யாரும் இப்படி முன்ஜாமீன் வாங்கி நான் பார்த்ததில்லை.

வாங்குவதிலும் அர்த்தம் இருக்கிறது. பக்கத்துக் காரில் என்ன பாட்டு ஓடுகிறது என்பதை வைத்தே, அவர் எந்தத் தாமானில் குடியிருக்கிறார், எதுவரை படித்திருப்பார், அவர் அப்பா என்ன வேலை பார்த்திருப்பார் என்றெல்லாம் நாம் கணக்குப் போட்டுவிடுகிறோம். சிவப்பு விளக்கு பச்சையாவதற்குள் தீர்ப்பு தயார்.

படித்தவர்கள் கூட்டத்தில் பேச்சு கொஞ்சம் நாகரிகமாக இருக்கும். "நான் எல்லாப் பாட்டும் கேட்பேன்" என்பார்கள். ஒரு மிடறு தே தாரே உள்ளே போனதும் அடுத்த சொல் வரும்: "ஆனா..."

இந்த 'ஆனா'வைப் பற்றி அமெரிக்காவில் ஆய்வே செய்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் படித்தபோது எனக்கு மனத்தில் ஒட்டிக்கொண்ட பாடங்களில் அதுவும் ஒன்று. 1996-இல் பெத்தனி பிரைசன் என்ற சமூகவியலாளர் எழுதிய கட்டுரை. படிப்பு கூடக்கூட மனிதர்கள் அதிக வகை இசையை ஏற்றுக்கொள்கிறார்கள் என்று கண்டார். அப்படி எல்லாவற்றையும் ஏற்பவர்களும் சில வகைகளை மட்டும் தள்ளி வைத்தார்கள். எவற்றை? ராப், ஹெவி மெட்டல், நாட்டுப்புறக் கன்ட்ரி, தேவாலய காஸ்பல். அந்நாட்டில் குறைவாகப் படித்தவர்கள் அதிகம் விரும்பிக் கேட்ட இசை வகைகள் அவை.

நம் ஊரில் அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் நான் அதிகம் கேட்ட சொல், உருமி.

உருமி இரண்டு முகம் கொண்ட தோல்கருவி, நடுவில் இடை ஒடுங்கியிருக்கும். ஒரு முகத்தில் வளைந்த குச்சியை வைத்துத் தேய்த்தால் உறுமும். தோட்டத்து முனியாண்டி, காளியம்மன் திருவிழாக்களில் அது இல்லாமல் சாமி இறங்காது. ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறி, நம்மவர்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்தபோது உருமியும் கூடவே வந்தது. தோட்டத்தை மறக்க நினைத்தவர்களுக்கு அந்தச் சத்தம்தான் முதல் தொந்தரவு. 'தோட்டத்துப் பசங்க', 'கேங்கு' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். வாரக் கடைசியில் ஒத்திகை பார்த்து, கையில் காப்புக் காய்த்துப்போன பிள்ளைகளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

கிள்ளானில் ஒரு திருமணத்துக்கு நான் நிகழ்ச்சி அறிவிப்பாளராகப் போயிருந்தேன். மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் ஓர் உருமி மேளக் குழுவில் இருக்கிறார். அண்ணனை வாசித்து அழைத்துவர வேண்டும் என்பது அவருடைய ஆசை. பெண் வீட்டார் யோசித்தார்கள். "நாதஸ்வரம் இருக்கே. பெரிய இடத்துலருந்தெல்லாம் வர்றாங்க, என்ன நினைப்பாங்க?" கடைசியில் ஓர் உடன்பாடு. உருமி கார் நிறுத்துமிடத்தில் அரை மணி நேரம் வாசிக்கலாம், மண்டபக் கதவுக்கு இப்பால் வரக்கூடாது. மாப்பிள்ளையின் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. இளம்வயதில் பால்மரம் வெட்டியவர். விருந்தினரை வரவேற்கக் கதவருகே நிற்க வேண்டியவர், மேளம் நிற்கும்வரை கார்களுக்கு நடுவில் பட்டுவேட்டியோடு நின்றுகொண்டிருந்தார். வாசலில் அவருக்குப் பதிலாக மாமா கைகூப்பினார்.

சாப்பாட்டுக்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். டிஜே ஒரு விஜய் படக் குத்துப் பாட்டைப் போட்டார். பெண் வீட்டு இளையவர்கள் மேடையையே அதிர வைத்தார்கள், பெரியவர்கள் கைதட்டினார்கள். அந்தப் பாட்டின் அடியில் அதிர்ந்ததும் தோல்கருவிதான். படத்தோடு சேர்ந்து சென்னையிலிருந்து வந்ததால் அதற்கு மண்டபத்துக்குள் அனுமதி இருந்தது.

இந்தச் சென்னை முத்திரை நம் கலைஞர்களை நிறையவே படுத்தியிருக்கிறது. யோகி பி-யை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளில் பொயட்டிக் அம்மோ குழுவில் ஆங்கிலத்தில் ராப் பாடியவர். 2006-இல் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரோடு 'வல்லவன்' தொகுப்பைத் தமிழில் கொண்டுவந்தார். அதில் 'நிழல்கள்' படத்தின் 'மடை திறந்து' பாடலைத் தொட்டதற்கு, ராஜாவைக் கெடுத்துவிட்டார்கள் என்று பெரியவர்கள் கொதித்தார்கள். மறு ஆண்டே 'பொல்லாதவன்' படத்தில் அவர் குரல் ஒலித்தது. பிறகு 2018-இல் ரஜினியின் 'காலா'விலும். அப்புறம் என்ன, 'நம்ம மலேசியப் பையன்' ஆகிவிட்டார். குரல் அதே குரல்தான். முத்திரைக்காக இன்னும் காத்திருக்கும் உள்ளூர்ப் பாடகர்களின் பாட்டை நான் ஒலிபரப்பும்போதெல்லாம், "நல்ல பாட்டு போடுங்க" என்று புலனத்தில் ஒரு செய்தியாவது வந்துவிடும்.

எடைபோடுவது மேலே நோக்கியும் நடக்கும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் லோரி ஓட்டும் ஒருவர், பாலமுரளிகிருஷ்ணாவைக் கேட்டு அதிகாலையில் அழைத்தார். யாரோ விளையாடுகிறார்கள் என்றே எங்கள் அறையில் நினைத்தார்கள். "ஏன் தங்கச்சி, லோரிக்காரனுக்குத் தோடி பிடிக்கக்கூடாதா?" என்றார். கேலியாகத்தான் சொன்னார், ஆனால் அந்தக் கேள்வியைப் பல இடங்களில் கேட்டுப் பழகிய குரல் அது.

எதையும் விமர்சிக்கவே கூடாது என்பது என் கட்சி இல்லை. பெண்ணைத் துரத்துவதை வீரமாக்கும் வரிகள் வந்தால் அந்தப் பாட்டை நானே ஒதுக்கிவைப்பேன், யார் இசையமைத்திருந்தாலும் சரி. அதை எழுதியவரிடம் கேள்வி கேட்கலாம். விசில் அடித்த பதினாறு வயதுப் பையனின் பரம்பரையை ஏன் இழுக்க வேண்டும்?

வீட்டுக்குள் இந்தத் தீர்ப்பு இன்னும் சீக்கிரம் வரும். 2023-இல் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் ரஹ்மான் நிகழ்ச்சியும் நடந்தது, தென்கொரியாவின் பிளாக்பிங்க் குழுவும் பாடியது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அம்மா முதலாவதுக்குப் போனார், மகள் இரண்டாவதுக்கு. அம்மாவின் டிக்கெட் எத்தனை வெள்ளி என்று யாரும் கேட்கவில்லை. மகளிடம் மாமா, சித்தி, பாட்டி எல்லோரும் கேட்டார்கள். "புரியாத மொழியில என்ன பாட்டு?" என்ற கேள்வி வேறு. கேட்டவர்கள், இந்திப் பாட்டுகளை ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்த தலைமுறை.

அந்தப் பெண் இப்போது வீட்டில் பாட்டே போடுவதில்லை. காரில் ஏறியதும் இரண்டு காதிலும் செருகிக்கொள்கிறாள், சிரம்பான் போய்ச் சேரும்வரை பேச்சே கிடையாது. சென்ற மாதம் அம்மா என்னைத் தனியே அழைத்தார். "அந்தக் குழுவுல நாலு பொண்ணுங்களாமே, பேரு என்னம்மா? சொல்லு, எழுதிக்கிறேன்."

ஜிசூ, ஜென்னி, ரோசே, லிசா என்றேன். ரோசேயை மட்டும் மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.